பட்டமளிப்பு மேடையும் அரசியல் எதிர்ப்பும்: கல்கத்தாப் பல்கலைக்கழக நிகழ்வும் (1932) அதன் மீதான பொதுமக்கள் எதிர்வினையும்

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டு நிகழ்ச்சிகளுள் பட்டமளிப்பு விழாவே மிகுந்த ஒழுங்குமுறைக்கு உட்பட்டதாகும். யார் முன் செல்வது, யார் எவ்விடத்தில் அமர்வது, எந்த நிறத்தில் மேலங்கி அணிவது, எப்போது எழுவது என அனைத்தும் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். அவ்விழாவில் மாணவர்க்கு உரிய பங்கு, பெயர் அழைக்கப்பட்டதும் எழுந்து வணங்கிப் பட்டத்தைப் பெற்றுக்கொள்வது மட்டுமே. பேசும் உரிமை அவர்க்கு இல்லை. இத்தகைய அரங்கில் மாணவர் ஒருவர் அரசியல் எதிர்ப்பை வெளிப்படுத்தும்போது, அச்செயலைப் போலவே அது நிகழ்ந்த இடமும் விவாதப் பொருளாகிறது.

1932-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், பட்டம் பெற வந்திருந்த பீனா தாஸ் என்னும் மாணவி வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் இந்நிகழ்வு பரவலாக அறியப்பட்டது. ஆயினும் வீரச்செயல்களின் வரிசையில் ஒன்றாக அதனைக் குறிப்பிட்டுச் செல்வதே பெரும்பான்மை நூல்களின் வழக்கமாக உள்ளது. அந்நிகழ்வு மக்களிடையே எழுப்பிய எதிர்வினைகள் தனித்து நோக்கத்தக்கவை. அவை அனைத்தும், பட்டமளிப்பு மேடை கல்விக்கு உரியதா, ஆட்சிக்கு உரியதா என்னும் ஒரே வினாவுக்கான வெவ்வேறு விடைகளாக அமைந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மேடையின் இயல்பு

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் 1857-இல் நிறுவப்பெற்றன. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகத் தொடக்கத்தில் இந்தியத் தலைமை ஆளுநரே விளங்கினார். 1921 முதல் அப்பொறுப்பு வங்காள ஆளுநருக்கு மாறியது. காவல்துறைக்கும் சிறைக்கும் தலைவராக இருந்தவரே பட்டம் வழங்குபவராகவும் இருந்தார் என்பது இதன் பொருளாகும்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான முரண் 1932-க்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1923-இல் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜிக்கு மறுநியமனம் வழங்க முன்வந்த ஆளுநர் லிட்டன் பிரபு, அதற்குச் சில நிபந்தனைகளை விதித்தார். பல்கலைக்கழகத்தின் தன்னுரிமைக்கு அவை ஒவ்வாதன எனக் கருதிய முகர்ஜி அப்பதவியை ஏற்க மறுத்தார். அறிஞர் ஒருவர் மடல் வழியாக நிகழ்த்திய எதிர்ப்பு அது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே நிறுவனத்தின் மாணவி ஒருவர் வேந்தருக்கு எதிராக எழுந்தபோது, மடலுக்கு மாற்றாகப் படைக்கலம் வந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வங்காளத்தில் நிகழ்ந்தவற்றை நோக்கினால் இம்மாற்றத்தின் காரணம் புலனாகும்.

பின்புலம்

பீனா தாஸ் 1911-இல் கிருஷ்ணநகரில் பிறந்தார். தந்தை வேணி மாதவ தாஸ் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த ஆசிரியர். கட்டாக்கில் பணியாற்றியபோது சுபாஷ் சந்திர போசுக்குக் கல்வி கற்பித்தவர். பீனாவின் தமக்கை கல்யாணி தாஸ், மாணவியர்க்கான ‘சாத்ரி சங்கம்’ என்னும் அமைப்பை 1928-இல் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். சைமன் குழுவுக்கு எதிராக அதே ஆண்டு பெதூன் கல்லூரி மாணவியர் நடத்திய போராட்டத்தில் பீனாவும் பங்கேற்றார். பின்னர் டயோசீசன் கல்லூரியில் பயின்று 1931-இல் ஆங்கிலத்தில் சிறப்பு இளங்கலைத் தேர்வில் வெற்றி பெற்றார்.

1930 ஏப்ரல் 18-இல் சிட்டகாங் படைக்கலக் கொட்டில் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து வங்காளத்தில் அடக்குமுறை மிகுந்தது. 1931 செப்டம்பர் 16-இல் ஹிஜ்லித் தடுப்புக் காவல் முகாமில் காவலர் சுட்டதில் சந்தோஷ் மித்ரா, தாரகேஸ்வர் சென் ஆகிய இருவர் உயிரிழந்தனர். விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தவர்கள் மீது நடத்தப்பட்ட இத்துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்துக் கல்கத்தாவில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில் இரவீந்திரநாத் தாகூர் உரையாற்றினார். அரசியல் வன்முறையை ஏற்காத கவிஞர் பொதுமேடைக்கு வந்து பேசும் அளவுக்கு அந்நிகழ்வு மக்கள் உள்ளத்தைப் பாதித்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-இல் கொமில்லாவில் சாந்தி கோஷ், சுனீதி சௌத்ரி என்னும் பள்ளி மாணவியர் இருவர் மாவட்ட நீதிபதி ஸ்டீவன்சைச் சுட்டுக் கொன்றனர். 1932 சனவரி 4-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். இச்சூழலில்தான் அவ்வாண்டின் பட்டமளிப்பு விழா கூடியது.

அரங்கில் நிகழ்ந்தது

யுகாந்தர் இயக்கத்தைச் சார்ந்த கமலா தாஸ்குப்தா என்பவரே பீனாவுக்குக் கைத்துப்பாக்கியைப் பெற்றுத் தந்தவர். 280 ரூபாய்க்கு அது வாங்கப்பட்டதாகக் குறிப்பிடப்படுகிறது. செனட் மண்டபத்தில் ஆளுநர் தம் உரையைத் தொடங்கிய வேளையில், பட்டம் பெறுவோர் வரிசையிலிருந்து எழுந்த பீனா மேடையை நெருங்கிச் சுட்டார். மொத்தம் ஐந்து குண்டுகள் வெளிப்பட்டன. ஆளுநர் உயிர் தப்பினார். துணைவேந்தர் ஹசன் சுஹ்ராவர்தி விரைந்து வந்து பீனாவைப் பற்றிப் பிடித்துத் துப்பாக்கியைப் பறித்தார்.

இக்காட்சியின் மாந்தர் மூவரும் கருதத்தக்கவர். ஜாக்சன் 1905-இல் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்து புகழ்பெற்றவர். தனிமனிதராக வங்க மக்களின் வெறுப்புக்கு உரியவராக அவர் முன்னர் அறியப்படவில்லை. சுஹ்ராவர்தி அறுவை மருத்துவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் முஸ்லிம் துணைவேந்தர். பீனா அப்பல்கலைக்கழகத்தின் மாணவி, இருபது வயதினர். வேந்தர், துணைவேந்தர், மாணவி என்னும் கல்விசார் உறவே ஆட்சியாளர், அவரைக் காப்பவர், எதிர்ப்பவர் என்னும் அரசியல் உறவாக ஒரு நொடியில் மாறியது.

அரசின் எதிர்வினை

அரசின் எதிர்வினை இரு வகையில் வெளிப்பட்டது. முதலாவது தண்டனை. விரைந்து நடந்த விசாரணையின் முடிவில் பீனாவுக்கு ஒன்பது ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. படைக்கலம் எவ்வாறு கிடைத்தது என்பதை அவர் வெளியிடவில்லை. கமலா தாஸ்குப்தா கைது செய்யப்பட்டும் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டார். பீனாவின் பட்டம் வழங்கப்படாது நிறுத்தப்பட்டது. இரண்டாவது பாராட்டு. துணைவேந்தர் சுஹ்ராவர்திக்கு அவ்வாண்டே ‘சர்’ பட்டம் அளிக்கப்பெற்றது.

ஒருவர் பெறவேண்டிய பட்டம் நிறுத்தப்பட்டு, மற்றொருவர்க்குப் புதிய பட்டம் வழங்கப்பட்டமை ஒரே நிகழ்வின் இருமுகங்களாகும். மாணவி தேர்வில் பெற்ற வெற்றி அவரது அரசியல் குற்றத்தால் இல்லாததாகிவிடுமா என்னும் வினா அன்று எழுப்பப்படவில்லை. குற்றத்திற்கு நீதிமன்றம் தண்டனை அளித்தது. அதற்கு மேலாகக் கல்வித் தகுதியையும் மறுத்ததன் வாயிலாகப் பட்டம் என்பது கற்றதற்குச் சான்று மட்டுமன்று, பணிவுக்கும் சான்று என்பதைப் பல்கலைக்கழகமே உணர்த்தியது. பட்டமளிப்பு மேடை ஆட்சிக்கு உரியது என்னும் கருத்தை வன்மையாக நிறுவியது பீனாவின் செயலைவிட இம்மறுப்பே எனலாம்.

சுஹ்ராவர்தியின் செயலை அரசு விசுவாசம் என்று மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. அவர் மருத்துவர், விருந்தினராக வந்த மனிதர் ஒருவரின் உயிர் தம் கண்முன் பறிபோவதைத் தடுக்க முனைந்தவர். மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் நிறைந்திருந்த மண்டபத்தில் ஐந்து குண்டுகள் பாய்ந்தன என்பதையும் மறத்தலாகாது. கல்கத்தாவின் சாலை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நகரம் சுட்டவரையும் தடுத்தவரையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கிறது.

இதழ்களின் மௌனம்

அன்றைய மக்கள் என்ன கருதினர் என்பதை அறிய இதழ்களை நாடும் ஆய்வாளர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. 1931-ஆம் ஆண்டின் இந்தியப் பத்திரிகை (நெருக்கடிக்கால அதிகாரங்கள்) சட்டம் வன்முறைக் குற்றங்களைத் தூண்டும் எழுத்துகளை மட்டும் தடுக்கவில்லை. அத்தகைய குற்றத்தையோ, அதனைச் செய்தவரையோ நேரடியாகவோ மறைமுகமாகவோ பாராட்டும் எழுத்துகளையும் அது தண்டனைக்குரியதாக்கியது. பாராட்டப்படுபவர் உண்மை மனிதராயினும் கற்பனை மாந்தராயினும் சட்டம் பொருந்தும் என அதில் வரையறுக்கப்பட்டிருந்தமை இலக்கிய ஆய்வாளர் கவனத்திற்கு உரியது. புனைகதை மாந்தரையும் அரசு தன் எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டது.

ஆகவே அக்கால இதழ்களில் காணப்படும் கண்டனங்களை மக்கள் மனநிலையின் முழுமையான பதிவாகக் கொள்ள இயலாது. கண்டனத்திற்கு அச்சில் இடம் இருந்தது, பாராட்டுக்கு இல்லை. அதே வேளையில், கண்டனங்கள் அனைத்தும் அச்சத்தால் எழுதப்பட்டவை என்று கொள்வதும் தவறாகும். அறவழியில் நம்பிக்கை கொண்ட காங்கிரஸ் இயக்கத்தார் பலர் கொலை முயற்சியை உளமார வெறுத்தனர். அச்சிடப்பட்ட சொல்லுக்கும் அச்சேறாத உணர்வுக்கும் இடையே உள்ள தொலைவை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. அத்தொலைவு இருந்தது என்பதை மறவாமல் சான்றுகளைப் பயன்படுத்துவதே ஆய்வு நெறியாகும்.

பெண் என்னும் நிலையில் எழுந்த எதிர்வினை

எதிர்ப்பாளர் பெண்ணாக இருந்தமை எதிர்வினைகளின் போக்கைப் பெரிதும் மாற்றியது. இளம்பெண்களைப் புரட்சி இயக்க ஆடவர் தம் கருவியாகப் பயன்படுத்துகின்றனர் என்பது ஆட்சித் தரப்பின் விளக்கங்களுள் ஒன்றாகும். இவ்விளக்கம் பெண்ணின் குற்றத்தைக் குறைப்பதுபோல் தோன்றினும், உண்மையில் அவளது சிந்தனையையே மறுப்பதாகும். பீனாவைப் பொறுத்தவரை இது பொருந்தவில்லை. அவரை உருவாக்கிய மாணவியர் சங்கம் பெண்களால் நடத்தப்பட்டது. படைக்கலம் தேடித் தந்தவரும் பெண்ணே.

மற்றொரு புறம், தேசிய உணர்வுடையோர் அவரைத் தெய்வ வடிவாகப் போற்றினர். வங்காளத்தின் சக்தி வழிபாட்டு மரபு இத்தகைய சித்திரிப்புக்கு எளிதில் இடம் தந்தது. கருவி என்று கூறியோரும் தேவி என்று கூறியோரும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றனர். இரு சாராரும் ஆங்கில இலக்கியம் கற்ற, தேர்வில் வென்ற, தம் செயலுக்குக் காரணம் கூறவல்ல ஒரு மாணவியைக் காணவில்லை.

இலக்கிய உலகிலும் இவ்விவாதம் எதிரொலித்தது. சரத்சந்திரரின் ‘பாதேர் தாபி’ (1926) புரட்சியாளரை நாயகனாகக் கொண்டதால் 1927-இல் தடைசெய்யப்பட்டது. தாகூரின் ‘சார் அத்யாய்’ (1934) புரட்சி இயக்கத்திற்குள் ஈர்க்கப்பட்ட எலா என்னும் பெண்ணின் அழிவைச் சித்திரித்தது. ஹிஜ்லி நிகழ்வைக் கண்டித்த அதே கவிஞர், இயக்கத்தின் வழிமுறை மனிதத் தன்மையைச் சிதைக்கிறது என்னும் கருத்தையும் முன்வைத்தார். தாகூரின் இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அடக்குமுறையைக் கண்டிப்பதும் வன்முறையை ஏற்க மறுப்பதும் ஒரே உள்ளத்தில் இடம்பெறக்கூடும் என்பதற்கு அவை சான்றாகின்றன.

பீனாவின் வாக்குமூலம்

எதிர்வினைகளுக்கு நடுவே பீனாவின் சொந்தக் குரல் ஒலித்த இடம் நீதிமன்றம் ஒன்றே. ஆங்கிலத்தில் அமைந்த தம் வாக்குமூலத்தில் அவர் செயலை மறுக்கவில்லை, இரக்கமும் வேண்டவில்லை. ஜாக்சன் மீது தமக்குத் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை எனவும், அவரைத் தந்தைக்கு நிகராகவும் அவர் துணைவியாரைத் தாய்க்கு நிகராகவும் கருதுவதாகவும் கூறினார். ஆயினும் வங்காள ஆளுநர் என்னும் பதவி கோடிக்கணக்கான மக்களை அடிமைப்படுத்தி வைத்திருக்கும் ஓர் ஆட்சிமுறையின் சின்னம் என்றும், அச்சின்னத்தையே தாம் எதிர்த்ததாகவும் விளக்கினார். கொடுங்கோன்மையை எதிர்த்து உயிர்விடுவதே தம் நோக்கம் என்றும் அவர் தெரிவித்தார்.

மனிதரையும் பதவியையும் பிரித்துக் காணும் இவ்விளக்கத்தில் ஒரு சிக்கல் உள்ளது. எதிர்ப்புக்கு உரியது பதவியே எனினும், குண்டு பாய்வது மனித உடலில் அன்றோ? வாக்குமூலம் இதற்கு முழுமையான விடை தரவில்லை. எனினும் பட்டமளிப்பு மேடையைப் பற்றிய வினாவுக்கு அது தெளிவான விடை தருகிறது. மேலங்கி அணிந்து பட்டம் வழங்க நிற்பவர் கல்வியின் தலைவராக அன்றி ஆட்சியின் தலைவராகவே தம் கண்ணுக்குத் தெரிந்தார் என்பதே அவ்விடை. அரங்கின் தூய்மையை மாணவி கெடுத்தார் என்போர்க்கு, அத்தூய்மை முன்னரே கெட்டிருந்தது என்பதே அவர் கூறிய மறுமொழியாகும்.

பிற்கால எதிர்வினைகள்

காலம் செல்லச் செல்ல எதிர்வினைகளின் தன்மை மாறியது. மாகாணத் தன்னாட்சி அமைந்த பின்னர் 1937-38-இல் வங்காள அரசியல் கைதிகளின் விடுதலைக்காகக் காந்தியடிகள் முயன்றார். செயலை ஏற்காமலேயே செய்தவர்மீது பரிவு கொள்ளும் நிலை இது. 1939-இல் விடுதலையான பீனா காங்கிரசில் இணைந்து, 1942-ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்கேற்று மீண்டும் மூன்றாண்டு சிறையில் இருந்தார். பின்னர் சட்டமன்ற உறுப்பினராகப் பணியாற்றினார். 1948-இல் ‘ஷ்ரிங்கல் ஜங்கார்’ என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். கமலா தாஸ்குப்தாவின் ‘ரக்தேர் அக்ஷரே’ 1954-இல் வெளிவந்தது. 1932-இல் அச்சேற முடியாதிருந்தவை விடுதலைக்குப் பின்னர் பெண்களின் தன்வரலாறுகளாக வெளிவந்தன. இவ்விலக்கிய வகையின் வரலாற்று மதிப்பு இதனால் உறுதிப்படுகிறது.

1960-இல் இந்திய அரசு பீனாவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆயினும் அவரது பட்டம் வழங்கப்படாமலே இருந்தது. 1986 டிசம்பரில் ரிஷிகேசத்தில் சாலையோரத்தில் உயிரற்றுக் கிடந்த அவரது உடல் இன்னாருடையது என அறியப்படுவதற்கு நாள்கள் பல ஆயின என்று கூறப்படுகிறது.

2012-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகம், ஆங்கில ஆட்சியில் பட்டம் மறுக்கப்பட்ட பீனா தாஸ், பிரீதிலதா வதேதார் ஆகிய இருவர்க்கும் இறப்புக்குப் பிந்தைய சிறப்பாக அதனை வழங்கியது. பிரீதிலதா, 1932 செப்டம்பரில் பஹார்தலி ஐரோப்பியர் சங்கத்தின் மீதான தாக்குதலுக்குத் தலைமையேற்று உயிர் நீத்தவர். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அப்பட்டத்தை வழங்கியவர் மேற்கு வங்க ஆளுநரே. வேந்தர் என்னும் நிலையில் அவர் அதனை வழங்கினார். நாடு மாறியது, கொடி மாறியது, மேடையின் அமைப்பு மாறவில்லை.

தொடரும் வினா

அவ்வமைப்பு தொடர்வதால் வினாவும் தொடர்கிறது. 2019 டிசம்பர் 24-இல் அதே கல்கத்தா நகரின் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் வேந்தரான ஆளுநரை வளாகத்தினர் உள்ளே செல்ல விடாமல் தடுக்க, அவரின்றியே பட்டமளிப்பு விழா நடைபெற்றது. தங்கப் பதக்கம் பெற்ற மாணவி ஒருவர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் படியை மேடையில் கிழித்தார். அதற்கு முந்தைய நாள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், குடியரசுத் தலைவர் கலந்துகொண்ட விழாவின்போது தாம் அரங்கிற்கு வெளியே நிறுத்தப்பட்டதாகக் கூறிய மாணவி ஒருவர், சான்றிதழை மட்டும் பெற்றுக்கொண்டு தங்கப் பதக்கத்தை மறுத்தார். 2025 ஆகஸ்டு 13-இல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற வந்த ஆய்வாளர் ஒருவர் ஆளுநரைக் கடந்து சென்று துணைவேந்தரிடம் பட்டத்தைப் பெற்றார்.

இவற்றை 1932-ஆம் ஆண்டு நிகழ்வுடன் ஒருநிலையில் வைத்து எண்ணுதல் பிழையாகும். அங்குப் படைக்கலமும் உயிர்ச்சேத அச்சமும் இருந்தன. இங்குக் கிழித்த தாளும் மறுத்த பதக்கமும் விலகிச் சென்ற நடையுமே உள்ளன. அங்கு எதிர்க்கப்பட்டது அயலார் ஆட்சி. இங்கு மக்களாட்சியின் முடிவுகளும் அதன் பதவியினரும். எனினும் எதிர்வினைகளின் வடிவம் பெரிதும் ஒத்திருக்கிறது. விழாவின் மாண்பு குலைந்தது என ஒரு சாராரும், துணிவு போற்றத்தக்கது என மறுசாராரும் உரைத்தனர். எதிர்ப்பாளர் கூறிய காரணத்தை எடுத்துக்கொண்டு அது சரியா தவறா என ஆராய்ந்தோர் இரு சாராரிலும் சிலரே.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கும்போது மூன்று கருத்துகள் புலனாகின்றன. முதலாவதாக, பட்டமளிப்பு விழா எதிர்ப்பின் மீதான மக்கள் எதிர்வினை செயலின் தன்மையை மட்டும் பொறுத்ததன்று. மேடை யாருக்கு உரியது என்று கருதுகின்றனர் என்பதையும் பொறுத்தது. மேடையைக் கல்விக்கு உரியதாகக் கொள்வோர்க்கு எதிர்ப்பு அத்துமீறலாகவும், ஆட்சிக்கு உரியதாகக் கொள்வோர்க்கு இயல்பான மறுமொழியாகவும் தோன்றுகிறது. இரண்டாவதாக, பழிப்பும் புகழ்ச்சியும் ஒருசேர எதிர்ப்பாளரின் சொந்தச் சொல்லை மறைத்துவிடுகின்றன. நீதிமன்ற வாக்குமூலமும் தன்வரலாறும் இல்லையெனில் பீனா தாஸ் கருவியாகவோ தேவியாகவோ மட்டுமே எஞ்சியிருப்பார். மூன்றாவதாக, குற்றத்தைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் கடமை. கற்ற கல்வியை மறுப்பது பல்கலைக்கழகத்தின் கடமையன்று. 1932-இல் இவ்வேறுபாட்டைக் காணத் தவறிய நிறுவனம் 2012-இல் அதனை உணர்ந்தது. அப்போது பட்டத்தைக் கைநீட்டிப் பெற அதற்கு உரியவர் உயிருடன் இல்லை.